காசா (CASA) தன்னார்வலருக்கு முப்பது மணி நேரத்தில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

டெக்சஸில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "துன்புறுத்தலுக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் பேசும் காசா தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். நான் சட்டம் படித்தவள் அல்ல. முப்பது மணி நேரப் பயிற்சி என்கிறார்கள். அதில் என்ன கற்றுத் தருவார்கள்? ஒரு குழந்தையின் வாழ்க்கையையே மாற்றக்கூடிய வழக்கில் பேச அது போதுமா? ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத என்னால் பயன் ஏதும் உண்டா?"

நான் அதே மாநிலத்தில் சில ஆண்டுகள் இந்தப் பணியில் இருந்தவன். பிறகு புதியவர்களுக்கான வகுப்புகளில் துணைப் பயிற்றுநராகவும் இருந்திருக்கிறேன். நான் கவனித்த வழக்குகளைப் பற்றி வெளியில் பேச எனக்கு அனுமதி இல்லை என்பதால், கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் வகுப்பறைப் பயிற்சிக்காகக் கற்பனையாக அமைக்கப்பட்டவை.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயிற்சியின் நோக்கம் எளிதில் விளங்கும். குழந்தைத் துன்புறுத்தல் தொடர்பாக 1974 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், மைய அரசின் நிதியைப் பெற விரும்பும் மாநிலங்கள் இத்தகைய வழக்குகளில் குழந்தைக்கென ஒரு 'கார்டியன் அட் லைட்டம்', அதாவது அந்த வழக்கின் அளவில் குழந்தையின் நலனைக் காக்கும் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பல இடங்களில் வழக்கறிஞர்களே அப்படி நியமிக்கப்பட்டார்கள். ஆனால் குழந்தையை நேரில் பார்க்கவும், பள்ளிக்கும் உறவினர் வீட்டுக்கும் போய் விசாரிக்கவும் அவர்களுக்கு நேரம் இல்லை. சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியின் நீதிபதி டேவிட் சூகப், தான் தீர்ப்பளித்த குழந்தைகளைப் பற்றித் தனக்குப் போதிய தகவல் கிடைக்கவில்லை என்ற உறுத்தலில், பொதுமக்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி தந்து இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். மதிய உணவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பேசலாம் என்று நாலைந்து பேரைக் கூப்பிடச் சொன்னதற்கு ஐம்பது பேர் வந்து நின்றார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. 1977 இல் திட்டம் தொடங்கியது. 1982 இல் தேசியச் சங்கம் உருவானது. இன்று 49 மாநிலங்களில் 900க்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் இயங்குகின்றன. 'நீதிமன்றம் நியமிக்கும் சிறப்புப் பரிந்துரையாளர்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே 'காசா'. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வீடு என்று பொருள் வருவது தற்செயலாக வாய்த்த பொருத்தம்.

ஆக, நீதிபதிக்குத் தேவைப்பட்டது இன்னொரு வழக்கறிஞர் அல்லர். நேரில் போய்ப் பார்த்து வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் ஓர் ஆள். டெக்சஸ் நீதிமன்றத்தில் குழந்தைகளைப் பாதுகாக்கும் அரசுத் துறையின் சார்பில் வழக்குப் பணியாளரும் அரசு வழக்கறிஞரும் இருப்பார்கள். பெற்றோருக்கு அவரவர் வழக்கறிஞர் இருப்பார். குழந்தைக்கும் 'அட்டர்னி அட் லைட்டம்' என்ற வழக்கறிஞர் தனியாக உண்டு. இவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பல வழக்குகள். தன்னார்வலருக்கோ வழக்கமாக ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வழக்குப் பணியாளர் நடுவில் வேலையை விட்டுப் போய்விடுவதும், குழந்தை ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து (தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்திடமிருந்து) இன்னொன்றுக்கு மாற்றப்படுவதும் சாதாரணமாக நடக்கும். அந்தக் கோப்பில் மாறாமல் இருக்கும் ஒரே பெயர் சில சமயம் தன்னார்வலருடையதாகவே இருக்கும். சட்டம் படிக்காததைக் குறையாக நீங்கள் நினைக்க வேண்டியதில்லை என்று சொல்வது இதனால்தான்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். வகுப்புக்கு முன்பே ஒரு வடிகட்டல் நடக்கும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குற்றப் பின்னணியும் குழந்தைத் துன்புறுத்தல் பதிவேடும் சரிபார்க்கப்படும். பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள், நேர்காணல் நடத்துவார்கள். நேர்காணலில் உங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றியும் கேட்பார்கள். அதற்குத் தயாராகப் போங்கள். அதன்பிறகு தேசியத் தரவிதிப்படி குறைந்தது 30 மணி நேர முன்பயிற்சி, பணியில் சேர்ந்தபின் ஆண்டுதோறும் 12 மணி நேரத் தொடர்பயிற்சி. பல அமைப்புகள் பாதியை இணையத்தில் நீங்களே படிக்கவும் மறுபாதியை வகுப்பில் விவாதிக்கவும் அமைத்திருக்கின்றன. பாடங்களின் பட்டியல் எதிர்பார்க்கக்கூடியதுதான்: குழந்தை வளர்ச்சி, மன அதிர்ச்சி, மனநலம், வறுமை, போதைப் பழக்கம், குடும்ப வன்முறை, பள்ளிக் கல்வி, பதின்வயதினர், கடைசியில் அறிக்கை எழுதுதல்.

அந்தப் பட்டியலில் தனித் தலைப்பாகத் தெரியாத ஒரு கருத்துதான் முழுப் பயிற்சிக்கும் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். தமிழில் அதைக் 'குறைந்தபட்சப் போதுமான பராமரிப்பு' எனலாம். ஒரு குழந்தை தன் வீட்டுக்குத் திரும்பலாமா என்று யோசிக்கும்போது அந்த வீடு நல்ல வீடா, வளர்ப்பு வீட்டைவிட மேலானதா, நம் வீட்டைப் போல இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. குழந்தையின் உடலுக்கும் மனத்துக்கும் வளர்ச்சிக்கும் தேவையான அடிப்படை கிடைக்கிறதா, ஆபத்து இல்லையா என்பது மட்டுமே கேள்வி. கேட்கும்போது எளிதாகத் தோன்றும், கடைப்பிடிப்பது கடினம். ஏனென்றால் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வசதியாக வாழ்கிறவர்கள், பிரிக்கப்படும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏழைக் குடும்பங்கள். அமெரிக்காவில் 2021 ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு நேர்ந்தது அடியோ பாலியல் கொடுமையோ அல்ல, புறக்கணிப்பு. புறக்கணிப்பு எங்கே முடிகிறது, வறுமை எங்கே தொடங்குகிறது என்பது பல வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத கோடு. டெக்சஸ் சட்டமன்றம் 2021 இல் புறக்கணிப்பின் வரையறையைத் திருத்தி, குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருக்க வேண்டும் அல்லது உடனடி ஆபத்து இருக்க வேண்டும் என்று இறுக்கியதும் இந்தக் கோட்டை முன்னிட்டே.

வகுப்பில் இதை இப்படிப் பழக்குவார்கள். ஒரு வீட்டின் விவரிப்பு கொடுக்கப்படும்: இரண்டு அறைகள், மூன்று குழந்தைகளுக்கும் சேர்த்துத் தரையில் ஒரே மெத்தை, தொட்டியில் கழுவாத பாத்திரங்கள், ஃபிரிட்ஜைத் திறந்தால் அரை கேலன் பால், ஒரு பொட்டலம் டார்ட்டில்லா, ஆறு முட்டை, வாசலில் உடைந்த கம்பிவலைக் கதவு. குழந்தைகளைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் கூடாது என்று கை தூக்குவார்கள். அப்போது பயிற்றுநர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எந்தக் குழந்தைக்கு என்ன ஆபத்து?" அறை அமைதியாகிவிடும். பாத்திரம் கழுவாதது ஆபத்து அல்ல. ஆறு முட்டையும் பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் போதும். கம்பிவலைக் கதவு உடைந்திருப்பதுகூட, அந்த வீடு பரபரப்பான சாலையில் இருந்து ஒன்றரை வயதுக் குழந்தையும் அங்கே இருந்தால்தான் ஆபத்து. அப்போதும் அதைச் சரிசெய்து கொடுப்பதுதான் வழி, குழந்தையைப் பிரிப்பது அல்ல.

மெத்தை விஷயத்தில் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஊரில் ஒரே பாயில் நாலு பேர் வரிசையாகப் படுத்து, கடைசியில் படுத்தவன் விடியும்போது வெறுந்தரையில் கிடந்து வளர்ந்தவன் நான். தனித்தனிக் கட்டில் இல்லாததை ஒரு குறையாக எழுதியவர்களை மனத்துக்குள் கேலி செய்துகொண்டிருந்தேன். அடுத்த பயிற்சியில் அகப்பட்டது நான்தான். வாரக்கடைசியில் குடிக்கும் ஒரு தகப்பனைப் பற்றிய விவரிப்பு அது. குடிகாரன் என்ற சொல் எனக்குள் என்றோ எழுதி வைத்த தீர்ப்பு; அந்த மனிதர் குடிக்கும் நாளில் குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டுப் போகிறார் என்ற வரி அதே தாளில் இருந்ததை நான் படித்தும் கவனிக்கவில்லை. அவரவர் வளர்ந்த வீடு அவரவர் கண்ணில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, பத்துப் பேருக்கு முன்னால் அகப்பட்டுக்கொள்வது வேறு.

அடுத்தது எழுத்து. தன்னார்வலரின் முதன்மையான கருவி அவர் விசாரணைக்கு முன்பே தாக்கல் செய்யும் அறிக்கைதான். 'தாய் குழந்தையிடம் பாசமாக இல்லை' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். அதை அடித்துவிட்டு, கண்டதை எழுதச் சொல்வார்கள். அவர் மறுபடி எழுதுவார்: '45 நிமிடச் சந்திப்பில் தாய் இரண்டு முறை கைப்பேசியில் பேசினார்; முதல் அழைப்பு சுமார் 4 நிமிடம். குழந்தை கொடுத்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். புறப்படும்போது குழந்தை அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது.' இப்போது படித்துப் பாருங்கள். முதல் வாக்கியம் சொன்ன முடிவு இரண்டாவதிலிருந்து கிடைக்கவே கிடைக்காது. ஒருவேளை அந்த அழைப்பு வேலை செய்யும் இடத்திலிருந்து வந்திருக்கலாம். யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார், நான் பார்த்தேனா கேட்டேனா என்பது ஒவ்வொரு வரியிலும் தெளிவாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அந்த அறிக்கையின் ஒவ்வொரு பெயரடைக்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

குழந்தையிடம் பேசும் முறைக்குத் தனியாக நேரம் ஒதுக்குவார்கள். நடந்த கொடுமையைப் பற்றித் தோண்டிக் கேட்பது தன்னார்வலரின் வேலை அல்ல. அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள், அதற்கென அமைந்த குழந்தைகள் மையங்களில், ஒரே முறை பதிவு செய்து கேட்பார்கள். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் 1985 இல் முதல் மையம் தொடங்கப்பட்டது, பல பேர் பல தடவை கேட்டுக் குழந்தையை வதைப்பதைத் தவிர்க்கத்தான். நீங்கள் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டலாம், பள்ளியைப் பற்றிக் கேட்கலாம். அது தானாக ஏதாவது சொன்னால் அதன் சொற்களிலேயே குறித்துக்கொண்டு உடனே உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. 'நீ சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவாய்' என்றும் சொல்லக் கூடாது. பாசத்தில் வாய்தவறி வந்துவிடும் சொற்கள் இவை. ஆகவே வகுப்பில் நடித்துப் பழக்குவார்கள்.

இன்னொரு நுட்பமான இடம், குழந்தையின் விருப்பமும் குழந்தையின் நலனும் வேறுபடும்போது என்ன செய்வது என்பது. தன்னார்வலர் பேச வேண்டியது நலனுக்காக. ஆனால் விருப்பத்தை மறைக்கக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பெண் தன் தாயிடமே போக வேண்டும் என்கிறாள், நீங்கள் பாட்டி வீடே பாதுகாப்பானது என்று கருதுகிறீர்கள் என்றால், அறிக்கையில் அவள் சொன்னது அவள் சொன்னபடியே இருக்க வேண்டும். உங்கள் பரிந்துரையும் அதற்கான காரணமும் அதன் பக்கத்தில் வர வேண்டும். அவளிடமும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

சட்டப் பகுதியில் நீங்கள் பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. காலக்கெடுக்களை மட்டும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் துறை குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்த 14 நாளுக்குள் இரு தரப்பும் வாதிடும் முதல் விசாரணை; துறையைத் தற்காலிகப் பொறுப்பாளராக நியமிக்கும் ஆணையிலிருந்து 60 நாளுக்குள் நிலை விசாரணை, 180 நாளுக்குள் நிரந்தர ஏற்பாடு பற்றிய விசாரணை, ஏறத்தாழ ஓர் ஆண்டில் இறுதி விசாரணை தொடங்கியாக வேண்டும். அசாதாரணச் சூழலில் மேலும் 180 நாள் நீட்டிக்கலாம். 1997 இல் வந்த மையச் சட்டமோ, குழந்தை கடைசி 22 மாதங்களில் 15 மாதம் வெளிப் பராமரிப்பில் இருந்துவிட்டால், விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்க மனுச் செய்யச் சொல்கிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கு ஓர் ஆண்டு எவ்வளவு குறைவு என்பதும், நான்கு வயதுக் குழந்தைக்கு ஓர் ஆண்டு எவ்வளவு நீளம் என்பதும் ஒரே நாள்காட்டியில்தான் இருக்கின்றன. அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தை என்றால் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூடுதல் கடமைகளும், குழந்தையை ஒப்படைப்பதில் வேறு முன்னுரிமை வரிசையும் உண்டு; உச்ச நீதிமன்றம் 2023 இல் அந்தச் சட்டத்தை உறுதி செய்திருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். நான் போன அன்று ஒரு விசாரணை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. அடுத்த விசாரணை சில மாதம் கழித்து என்று நாள் குறித்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நீதிபதி எதைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எல்லாம் என்று அன்று புரிந்தது. பயிற்சி முடிந்ததும் நீதிபதி முன்னிலையில் உறுதிமொழி எடுப்பீர்கள். அதன்பிறகும் தனியாக விட மாட்டார்கள். ஊதியம் பெறும் ஒரு மேற்பார்வையாளர் உங்கள் அறிக்கையை வரிவரியாகப் பார்ப்பார். அவர் கையில் எத்தனை தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரவிதி முப்பதைத் தாண்டக் கூடாது என்கிறது.

இவை எல்லாம் போதுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில்: பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் தொடங்கப் போதும், ஒரு குடும்பத்தைப் பற்றித் துணிந்து முடிவு சொல்ல அவ்வளவாகப் போதாது. இந்த இயக்கத்தைப் பற்றிக் கடுமையான விமரிசனங்கள் உண்டு. வசதியுள்ள, பெரும்பாலும் வெள்ளையரான தன்னார்வலர்கள், ஏழைகளும் கறுப்பினத்தவருமான பெற்றோரின் வீடுகளை அளப்பது இனப் பாகுபாட்டையே பெருக்குகிறது என்று சட்ட அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். டெக்சஸ் வழக்குகளை வைத்தே 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காசா நியமிக்கப்பட்ட குழந்தைகள் பெற்றோரிடம் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவாகவும், தத்துக் கொடுக்கப்படும் வாய்ப்பு அதிகமாகவும் இருப்பதைக் காட்டியது. சிக்கலான வழக்குகளுக்கே காசாவை நியமிப்பதால் எண்ணிக்கை அப்படித் தெரிகிறது என்று பதில் சொல்வார்கள். அது ஓரளவு உண்மை. ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் கொண்டுவர முயன்ற பிறகும் வேறுபாடு நின்றது என்பதும் உண்மை. இந்த விமரிசனத்தைக் கேட்டால் முகம் சுளிக்கும் அமைப்பைவிட, பயிற்சியிலேயே அதை எடுத்து வைத்துப் பேசும் அமைப்பில் சேருங்கள். குழந்தைகளை இழந்து பிறகு திரும்பப் பெற்ற ஒரு தாயையோ தகப்பனையோ வகுப்புக்கு அழைத்துப் பேச வைக்கும் அமைப்புகள் உண்டு. நான் உட்கார்ந்த வகுப்புகளில், சட்டப் பாடம் நடந்த மூன்று மணி நேரத்தைவிட அத்தகைய ஒரு மணி நேரம் அதிகம் கற்றுத் தந்தது.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குழந்தைகள் அதைக் கண்டுகொள்வதில்லை, நீதிபதி பெரும்பாலும் உங்கள் எழுத்தைத்தான் படிக்கிறார். வேறு நாட்டிலிருந்து வந்து அலுவலகப் படிவங்களோடு மல்லுக்கட்டிய அனுபவம், ஸ்பானிய மொழி மட்டும் பேசும் ஒரு பாட்டியிடம் உட்காரும்போது உங்களுக்குக் கை கொடுக்கும். ஆனால் நமக்கென்றே ஒரு வழுக்கல் உண்டு. குழந்தை மெலிந்திருந்தால் ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகத் தோன்றும். பண்டிகைக்கு உடுப்பு வாங்கத் தோன்றும். வீட்டுக்கு ஒரு நாள் கூட்டி வரத் தோன்றும். வீட்டுக்கு அழைத்து வருவது எங்கும் கூடாது; பணமும் பரிசும் பல இடங்களில் தடை அல்லது முன் அனுமதிக்கு உட்பட்டவை; காரில் ஏற்றிச் செல்வதற்கும் தனி விதி உண்டு. நீங்கள் கொடுத்த உடுப்பை மகள் ஆசையாக அணிந்துகொண்டு சந்திப்புக்கு வரும்போது, அதை வாங்கித் தர முடியாத தாய் உங்களை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

ஊரில் இதுபோல ஒன்று உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. இந்தியாவில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி, பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைக்குக் குழந்தைகள் நலக் குழு ஒரு துணை நபரை ஒதுக்கலாம். அவர் விசாரணை நெடுகிலும் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் பக்கத்தில் இருப்பவர். குழந்தை எங்கே வாழ வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் பரிந்துரைப்பவர் அல்லர். ஆகவே ஒன்றை வைத்து மற்றதைப் புரிந்துகொள்ள முயல வேண்டாம்.

சேர்வதற்கு முன் உங்கள் கவுண்டி அமைப்பிடம் இவற்றைக் கேளுங்கள்: வகுப்புகள் மாலையில் நடக்கின்றனவா, குறைந்தது எவ்வளவு காலம் பொறுப்பேற்க வேண்டும், விசாரணைகள் வாரத்தின் எந்த நாளில் வரும், குழந்தை தொலைதூர ஊரில் வைக்கப்பட்டிருந்தால் மாதாந்தரச் சந்திப்புக்கு யார் போவது. பெரும்பாலான அமைப்புகள் வழக்கு முடியும்வரை இருக்கச் சொல்லும். டெக்சஸில் அது ஓர் ஆண்டு அல்லது ஒன்றரை ஆண்டு. அதற்குள் வேறு மாநிலத்துக்கு வேலை மாற்றம் வரக்கூடும் என்றால் இப்போது சேர வேண்டாம். வந்தபிறகு நடுவில் விட்டுப்போகும் ஆட்களை அந்தக் குழந்தை ஏற்கெனவே போதிய அளவு பார்த்திருக்கும்.